எழுபத்தொரு குதிரைகள்

"வாத்தியாரே, என் வண்டிக்கு இன்னும் பவர் ஏத்தினா பிரயோஜனம் இருக்குதுங்களா?" என்று நாச்சிமுத்து கேட்டான்.

தனிஸ்லாஸ் துடைத்துக்கொண்டிருந்த கார்புரேட்டரைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார்.

"யாருக்குப் பிரயோஜனம்?"

நாச்சிமுத்து வண்டிக்கு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வாத்தியார் சிரிப்பார். அவன் போய் டீ வாங்கி வந்தான். இரண்டு வருஷமாக வாய்வரை வந்து திரும்பிப்போன கேள்வி, அன்றைக்கு இப்படித்தான் முடிந்தது.

ஒண்டிப்புதூர் தாண்டி, மூடிக்கிடந்த ஒரு நூல் மில்லின் பின்சுவரை ஒட்டி அந்தப் பட்டறை இருந்தது. ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கும் பழைய கார் வைத்திருக்கிறவர்களுக்கும் இன்ஜின் கட்டிக்கொடுப்பதுதான் அங்கே வேலை. கம்ப்யூட்டரில் கட்டளை போட்டால் கேட்கும் புது வண்டிகள் அங்கே வருவதில்லை. தனிஸ்லாஸ் அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தார். நாச்சிமுத்துவுக்கு ஐம்பதுக்கு மேல். அண்ணன் தம்பி போலப் பழகியிருக்கக்கூடிய வயசுதான். ஆனால் மில்லில் பிட்டர் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்த முதல் நாளே அவன் அவரை வாத்தியாரே என்று கூப்பிட்டான். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படியே நின்றுவிட்டது.

அவர் எதையும் வாயால் கற்றுக்கொடுத்ததில்லை. அதிகம் பேசவும் மாட்டார். நேரெதிரில் வந்து நின்று கேட்டால்தான் பதில் வரும். முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார். தலைக்கனம் என்று வாடிக்கையாளர்கள் சொல்லிக்கொண்டார்கள். அந்தத் தலைக்கனத்தை நம்பித்தான் வண்டியையும் விட்டுவிட்டுப் போனார்கள்.

நாச்சிமுத்துவின் கார் இரண்டு பேர் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். சீமையில் செய்தது. மேற்கூரை கிடையாது. முன்பக்கம் முழுவதும் மூக்குப் பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். திறந்தால் இன்ஜின் தட்டில் வைத்த மாதிரி தெரியும். கருமத்தம்பட்டியில் ஒரு கோழிப்பண்ணைக் கொட்டகையில் அது கிடந்தது. அவன் போய்ப் பார்த்தபோது சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும்வரை காத்திருந்துதான் வண்டியை எடுத்துவந்தான். அதைச் சொல்லிச் சொல்லி வாத்தியார் ரொம்பநாள் கேலி செய்தார். பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிவந்தவன் என்பார்.

இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து அதைக் கட்டி முடித்தார்கள். முடித்த அன்று உருளைகளின்மேல் ஏற்றினார்கள். பின்சக்கரங்கள் உருளைகளைச் சுற்றும்; எத்தனை குதிரைசக்தி என்று அந்த இயந்திரம் சொல்லிவிடும். அதைப் பட்டறையில் டைனோ என்பார்கள். எழுபத்தொரு குதிரை என்று காட்டியது. வாத்தியார் எண்ணெய்க் கையோடு அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படிச் செய்ததில்லை.

அந்த வண்டிதான் இப்போது செத்துக்கொண்டிருந்தது. நாச்சிமுத்துவுக்கு அதை வேறெப்படியும் சொல்லத் தெரியவில்லை. ஸ்டார்ட் ஆகிறது, ஓடுகிறது, புகை இல்லை. ஆனால் வேகமெடுக்கும்போது முன்பிருந்த ஒரு துடிப்பு, நெஞ்சைப் பிடித்து இழுக்கிற ஒன்று, இல்லாமல் போயிருந்தது. கம்பளிக்குள் சுற்றிவைத்த மாதிரி ஓடியது. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினான். பிளக் மாற்றினான். வால்வுகளை உரசி உட்காரவைத்தான். ஒன்றும் திரும்பி வரவில்லை.

ஒருநாள் விடிந்ததும் வாளையார் ரோட்டில் அதை ஓட்டிப்போய் ஆக்சிலேட்டரைக் கடைசிவரை மிதித்தான். முன்னே போய்க்கொண்டிருந்த லாரியின் பின்பலகை பெரிதாகிக்கொண்டே வந்தது. பிரேக்கை மிதிக்க வேண்டும் என்ற எண்ணம் அவசரமில்லாமல், யாருக்கோ சொல்வதுபோல வந்தது. மிதித்தான். வண்டி நின்றது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் அந்த நிதானம் அவனைப் பயமுறுத்தியது.

வீடும் அப்படித்தான் இருந்தது. அவன் மனைவி பூங்கோதை கொஞ்சகாலமாகச் சுவரைப் பார்த்துப் பேசுகிறாள் என்று அவனுக்குத் தோன்றியது. வார்த்தையை வாய்க்குள்ளேயே மென்றாள். கேட்டால், சொன்னதற்குப் பதில் சொல்லாதது நீங்கள்தான் என்றாள். பிறகு அதையும் சொல்வதை விட்டுவிட்டாள். மகள் திருப்பூரிலிருந்து போன் செய்தால் அம்மாவோடு மட்டும் பேசிவிட்டு வைத்தாள். வண்டிக்கு வந்தது வீட்டுக்கும் வந்திருக்கிறது என்று நினைத்தான். வயசு ஏற ஏற எல்லாவற்றிலும் இப்படி ஒரு திரை விழும் போலிருக்கிறது. மற்றவர்கள் வெளியே சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள்.

பட்டறையில் அந்த வருஷம் அவன் கட்டி அனுப்பிய இரண்டு இன்ஜின்கள் திரும்பி வந்தன. இரண்டிலும் பிஸ்டன் உருகி ஓட்டை விழுந்திருந்தது. பெட்ரோல் சரியில்லை என்று நாச்சிமுத்து சொன்னான். இப்போதெல்லாம் பங்க்கில் எதை ஊற்றுகிறான் என்று யாருக்குத் தெரியும் என்றான். வாத்தியார் கேட்டுக்கொண்டார். வேறு பிஸ்டன் போட்டுக் கொடுத்தார்.

அடுத்தமுறை அவன் கேள்வியைத் தயார்செய்துகொண்டு வந்தான். ஒன்றுக்கு இரண்டாக கார்புரேட்டர். வால்வுகளை அதிகமாகத் திறக்கும் முனைப்பான கேம்ஷாப்ட். சிலிண்டர் ஹெட்டைச் சீவிக் கம்ப்ரஷனை ஏற்றுவது. புகைக்குழாயை அகலமாக்குவது. நூறு குதிரைக்குப் பக்கமாகக் கொண்டுவந்துவிடலாம் என்றான்.

"பிரேக் தாங்குமா?" என்று தனிஸ்லாஸ் கேட்டார்.

"மாத்திக்கலாமுங்க."

"கியர்பாக்ஸ்?"

"அதுவும் வேற போட்டுத்தான் ஆகோணும்."

"ஆக்சில், ரேடியேட்டர்?"

"ஆமாங்க."

"எல்லாத்தையும் மாத்தினா ஹாரன் மட்டும் மிஞ்சும். அதுக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம். நல்லாத்தான் அடிக்குது."

நாச்சிமுத்து சிரிக்கவில்லை. வாத்தியார் அதைக் கவனித்தார். ஸ்டூலை இழுத்து அவனுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

உடுமலைக்காரர் ஒருவரைப் பற்றிச் சொன்னார். நாச்சிமுத்து வருவதற்கு முன் நடந்தது. அரிசி மில் முதலாளி. இதேமாதிரி ஒரு பழைய கார். வண்டியில் வேகம் பத்தவில்லை என்று வந்தார். புகைக்குழாயை மாற்றிக் கொடுத்தார்கள். சந்தோஷமாகப் போனார். அடுத்த வருஷம் வந்தார், பத்தவில்லை என்றார். கார்புரேட்டரை மாற்றினார்கள். அதற்கடுத்த வருஷம் கேம்ஷாப்ட். ஒவ்வொரு தடவையும் ஆறு மாதம் நன்றாக இருந்தது என்று சொல்வார். பிறகு மறுபடியும் வண்டி தூங்கிவிட்டது என்பார்.

"நாலாவது வருஷம் வந்தாரு. நான் ஒண்ணுமே செய்யலை. கழுவி, டயருக்குக் காத்து அடிச்சுக் குடுத்தேன். மறுநா போன் பண்ணி அழுதாரு. இதைத்தான் வாத்தியாரே இத்தனை நாளாக் கேட்டேன்னாரு."

"அப்பறம்?"

"அடுத்த வருஷமும் வந்தாரு."

நாச்சிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆசைக்கு அளவில்லை என்கிறார் என்று புரிந்துகொண்டான். அது தன் விஷயம் இல்லை என்றும் தோன்றியது. தனக்கு நூறு வேண்டாம் என்றான். எழுபத்தொன்று திரும்பி வந்தால் போதும். உள்ளே இருந்தது எங்கேயோ ஒழுகிப் போய்விட்டது. மேலே ஊற்றினால்தான் பழைய மட்டத்துக்காவது வரும். அதற்காகத்தான் கேட்கிறேன் என்றான்.

"வரலைன்னா?"

"வரலைன்னா நானும் இங்க வரலீங்க." அவன் சட்டென்று சொல்லிவிட்டான். "சொந்த வண்டியை உசுரோட வெச்சுக்கத் தெரியாதவன் அடுத்தவன் இன்ஜின்ல கைவெக்கக் கூடாதுங்க. இத விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. அது உங்களுக்கே தெரியும்."

தனிஸ்லாஸ் அவனை நெடுநேரம் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டுவா என்றார்.

ஞாயிறு காலை சர்ச்சில் பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வாத்தியார் நேராகப் பட்டறைக்கு வந்திருந்தார். வேறு யாரும் இல்லை. நாச்சிமுத்து காரை உருளைகளின்மேல் ஏற்றிப் பட்டைகளால் இழுத்துக் கட்டினான். முன்பக்கத்தைக் கவிழ்த்துத் திறந்தான். எதிரே பெரிய மின்விசிறியை வைத்தான். எல்லாம் பழகிய வேலை. அவன் சீட்டில் ஏறி உட்கார, வாத்தியார் இயந்திரத்தின் முன்னால் போய் நின்றார்.

முதலில் அளந்தார்கள். வண்டி மேலே மேலே ஏறி, உச்சத்துக்குப் போய் இறங்கியது. வாத்தியார் திரையை அவன் பக்கம் திருப்பினார்.

எழுபத்தொன்று.

நாச்சிமுத்து இறங்கி வந்து கிட்டத்தில் பார்த்தான். இன்னொருமுறை அளக்கலாம் என்றான். அளந்தார்கள். அரைக் குதிரைகூட மாறவில்லை.

"மெஷின்ல கோளாறு இருக்குதுங்க."

"முந்தாநேத்து அதைச் சரிபாத்து சீல் வெச்சவன் யாரு?"

சரிபார்த்தது அவன்தான். எழுபதோ அறுபதோ காட்டியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எது குறைந்ததோ அதைத் தேடிப் போயிருக்கலாம். எதுவும் குறையவில்லை என்றால் தேடுவதற்கு இடமில்லை.

"எல்லாக் குதிரையும் லாயத்துலதான் இருக்கு," என்றார் தனிஸ்லாஸ்.

"அப்ப எங்கதாங்க போச்சு?"

"ஏறி உக்காரு. டைமிங் பாக்கலாம்."

அந்தப் பட்டறையின் பேர் அதில்தான் இருந்தது. பெட்ரோலுக்குத் தீ வைக்கும் கணத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் சக்தி கூடும். இன்னும் தள்ளினால் இன்னும் கூடும். ஒரு மயிரிழை அதிகமாகத் தள்ளிவிட்டால், உள்ளே முறை தவறி வெடிக்கும். பிஸ்டனைத் தின்ன ஆரம்பித்துவிடும். அப்போது இன்ஜினின் இரைச்சலுக்கு மேலே சன்னமாக ஒரு சத்தம் எழும். தூரத்தில் ஒரு பெண் வேகமாக நடந்துபோவது போல. பட்டறையில் அதைக் கொலுசு என்பார்கள். கொலுசு வந்த அந்த நொடியே பின்வாங்கி, மயிரிழை கீழே நிறுத்த வேண்டும். அதிகச் சக்தி அங்கேதான் இருக்கிறது. அதைப் பிடிக்கத்தான் பெங்களூரிலிருந்துகூட வண்டிகள் வந்தன.

அந்தச் சத்தத்துக்காக அங்கே யாரும் காதை மூடியதில்லை. வாடிக்கையாளர்கள் சிலபேர் காதுக்கவசம் மாட்டிக்கொண்டு வருவார்கள். அவர்களை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிடுவான் நாச்சிமுத்து. கொலுசு கேட்க வந்த இடத்தில் பஞ்சு அடைத்துக்கொள்கிறானே என்று பின்னால் சொல்லிச் சிரிப்பான். இருபது வருஷத்துக்கு மேல் அந்த இரைச்சலில் வெறுங்காதோடு உட்கார்ந்திருந்தான்.

அவன் வண்டியை ஏற்றிப் பிடித்தான். தகரக்கூரை அதிர்ந்தது. இனி ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. வாத்தியார் குனிந்து, தீ வைக்கும் கணத்தை மாற்றும் டிஸ்ட்ரிபியூட்டரின் பிடியைத் தளர்த்தினார். அதன் தலையை உள்ளங்கையால் பற்றி மெல்லத் திருப்பினார். எப்போதும்போல நிமிர்ந்து, காரின் முன்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தபடி திருப்பினார். அவன் மிதியைக் குறைக்கவோ கூட்டவோ சைகை காட்டுவதற்கென்றே அப்படி நிற்கிறார் என்று நாச்சிமுத்து நினைத்திருந்தான்.

இந்த நேரம் அவனுக்குப் பிடிக்கும். அவன் காதில் கொலுசு விழுகிற அதே நொடியில் அவர் கை பின்வாங்கும். ஒரே காதை இரண்டு பேர் வைத்திருப்பது போல. ஒருமுறைகூடப் பிசகியதில்லை. இத்தனை வருஷத்தில் அவனுக்கு அவர் கொடுத்த பாராட்டு என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அதுதான்.

கை திரும்பிக்கொண்டிருந்தது. இன்ஜின் சுத்தமாக ஓடியது. கொஞ்சம் மந்தமாக, கம்பளிக்குள்ளிருந்து. ஆனால் சுத்தமாக. கை இன்னும் திரும்பியது. வழக்கமாக நிற்கும் குறியைத் தாண்டிவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. வாத்தியார் நிறுத்தவில்லை. கண்ணை எடுக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜினின் சூட்டைக் காட்டும் முள் மேலே நகர்ந்தது. பழைய இன்ஜினில் இன்னும் இவ்வளவு இடம் இருக்கிறதா என்று அவனுக்கு ஒரு நம்பிக்கைகூடத் துளிர்த்தது. இந்த எழுபத்தொன்றுக்கு மேலே, ஒன்றையும் மாற்றாமலே, இன்னும் இருக்கிறது.

வாத்தியார் கையை உயர்த்தி வெட்டினார். அவன் நிறுத்தினான். உருளைகள் வேகம் குறைந்து சுற்றி நின்றன.

அவர் அவனருகில் வந்தார்.

"கொலுசு வந்துதா?"

"இல்லீங்க. சுத்தமா இருந்துது. இன்னுங்கூட ஏத்தலாமுங்க."

தனிஸ்லாஸ் போய் ஸ்பேனரை எடுத்துவந்து முதல் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். சூடாக இருந்தது. துணியில் வைத்து அவனிடம் நீட்டினார்.

நாச்சிமுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் வெள்ளி மிளகு தூவிய மாதிரி பொடிப்பொடியாக மினுங்கியது. அது என்ன என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பிஸ்டனின் உலோகம். கொலுசு சத்தம் போடாமல் இது வந்து ஒட்டாது. சத்தம் போட்டிருக்கிறது. ரொம்பநேரம் போட்டிருக்கிறது.

துணியோடு அதைப் பிடித்துக்கொண்டே நின்றான். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தான். திரும்பி வந்த இரண்டு இன்ஜின்களில் பெட்ரோல் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. பூங்கோதை சுவரைப் பார்த்துப் பேசவில்லை.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. வாத்தியார் போய் அதை நிறுத்தினார்.

"காதுக்கு மெஷின் வெச்சுக்கலாம்," என்றார். "வீட்டுல பேசறது கேக்கும். போன் கேக்கும். இது கேக்காது."

"டாக்டர் எதாச்சும்..."

"பாத்தாச்சு. காதுக்குள்ள இருக்கற பொடி மயிரு போனா திரும்ப மொளைக்காதாம்."

நாச்சிமுத்துவுக்கு அந்தப் பதில் உடனே உறைக்கவில்லை. அவன் தன்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தான். இனி இந்தக் கதவுக்குள் எதற்கு வருவது என்று நினைத்தான். இன்ஜினைப் பிரிக்கலாம், கழுவலாம், மூடலாம். கடைசி மயிரிழையில் நிறுத்தத் தெரியாதவன் கட்டுகிற இன்ஜினை வாங்கிக்கொண்டு போகிறவன் எந்த வளைவில் நிற்பான் என்று யார் சொல்வது. ஆனால் பட்டறை நின்றுவிடாது. வாத்தியார் இருக்கிறார். தான் இல்லாவிட்டாலும் அந்தக் காது இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு அவன் தலையை நிமிர்த்தினான்.

"நீங்க எப்பங்க கேட்டீங்க? குறிக்கு முந்தியா, தாண்டியா?"

"நான் கேக்கலை."

"இன்னிக்கா?"

"உன் வண்டியக் கட்டறதுக்கு முன்னாடியே எனக்கு அது போயிருச்சு."

நாச்சிமுத்து அவரைப் பார்த்தான். வெள்ளைச் சட்டையின் கையோரத்தில் எண்ணெய் பட்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"அப்ப இத்தனை இன்ஜினு?" என்று கேட்டான். குரல் அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை. "கொலுசு வந்த நொடியே கையத் திருப்புவீங்களே. எப்பிடிங்க?"

"அது வந்தா உன் இடது கண்ணு லேசா சுருங்கும்," என்றார் தனிஸ்லாஸ். "அதப் பாத்துட்டேதான் திருப்புவேன். இன்னிக்கும் பாத்துட்டேதான் இருந்தேன்."